இலவசமாகச் சிரித்த அப்பா

செல்போனில் புதிதாக ஒரு செயலியை இறக்கினால் பொடி எழுத்தில் முழ நீளத்துக்கு நிபந்தனைகள் வருமே, அதை முழுக்கப் படித்துவிட்டு 'சம்மதம்' என்று அமுக்கிய ஒரு மனிதரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால் காலில் விழுந்து கும்பிடுவேன். ஏனென்றால், அப்படி ஓர் ஆள் உருவாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பெங்களூரில் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

விளையாட்டில்லை, என் வேலையே அதுதான். 'சம்மதம்' என்கிற பொத்தானைப் பச்சையாக, பெரிதாக, கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற இடத்தில் வைப்பேன். 'வேண்டாம்' என்பதைச் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டவர்களுக்கும் தெரியாதபடி ஒரு மூலையில் தள்ளிவைப்பேன். (ஊரில் கேட்டால் "டிசைன் பண்றேன்" என்பேன். நான் சேலைக்கு டிசைன் போடுவதாக அம்மா வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை. சேலை என்றால் நாலு பேருக்குப் பயன்படுகிற பொருளாயிற்றே.)

இவ்வளவு தெரிந்த மகராசி, என் அப்பா செத்த அன்று அதே மாதிரி ஒரு பச்சைப் பொத்தானை அமுக்கினேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சிரிப்பு வருகிற கதைதான். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் முழுசாகச் சிரித்ததில்லை.

அப்பா பெயர் மாதையன். மொரப்பூரிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் கொஞ்சம் புளியந்தோப்பு, கொஞ்சம் மேட்டுக்காடு, ஒரு போர்வெல், ஒரே மகள். அவருடைய விசேஷம் என்னவென்றால், எதையும் யாருக்கும் சொல்ல மாட்டார். பெரிய ரகசியம் ஏதும் இருந்ததாகவும் தெரியவில்லை. சொல்ல மாட்டார், அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்புகிறவரை யாராவது "எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "இங்கதாங்க" என்பார். தருமபுரி போனாலும் இங்கதான், திருப்பதி போனாலும் இங்கதான்.

பக்கத்துக் காட்டுக்காரர் சின்னப்பையன் மாமாவுக்கு இதில் தீராத கோபம். (பெயர்தான் சின்னப்பையன், தலை பஞ்சு போல நரைத்தவர்.) எங்கள் போர்வெல்லில் தண்ணீர் வந்த நாளிலிருந்து அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன அடியில தண்ணி வந்துச்சு, மாதையா?"

"தண்ணி இருக்கற அடியில."

அவ்வளவுதான். அந்தப் பதிலைக் கேட்டுக்கேட்டே அவர் தன் காட்டில் மூன்று இடத்தில் ஓட்டை போட்டு, மூன்றிலும் தண்ணீருக்குப் பதில் மண் புகை வந்ததைப் பார்த்தவர்.

ரேஷன் கடைக் கைரேகை எந்திரத்துக்குக்கூட அப்பா பிடிகொடுக்கவில்லை. மண்ணைக் கிண்டிக்கிண்டி ரேகை தேய்ந்துபோயிருந்தது. எந்திரம் 'பொருந்தவில்லை' என்று சத்தம் போடும்போதெல்லாம் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள், அப்பா மட்டும் பெருமையாகப் பார்ப்பார். "பாத்தியா, அதுக்கே என்னயத் தெரியலையாம்" என்பார்.

என் செல்போன் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. நிலம், புளி, கல்யாணப் பேச்சு என்று எதை எடுத்தாலும், "அதக் கொண்டும்போயி மாட்டுக் கொட்டாயில வெச்சிட்டு வா. அது எல்லாத்தையும் கேக்குதாம்" என்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். படித்த திமிர்.

"உங்க புளி வெலையக் கேட்டு அமெரிக்காக்காரன் என்னப்பா பண்ணப் போறான்?"

"கேக்கறவன் எதுக்காச்சும்தானடி கேப்பான்?"

இந்த ஒரு வரியில் இருக்கிற விவரம், நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் ஏழு மாடியிலும் இல்லை. அப்போது எனக்கு அது பட்டிக்காட்டுப் பயமாகத் தெரிந்தது.

போட்டோ விஷயம் இன்னும் மோசம். உறவில் நடந்த எந்தக் கல்யாண ஆல்பத்தை எடுத்தாலும், அப்பா வாழைமரத்துக்குப் பின்னால் பாதியாக இருப்பார், இல்லையென்றால் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருப்பார். முழு முகமும் விழுந்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போன வருஷம் புளி தட்டிக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தெரியாமல் எடுக்கப் போனேன். கடைசி நொடியில் பார்த்துவிட்டார். கையை ஓங்கி, வாயைத் திறந்து, "எடுக்காதடி! அது எங்கெங்க போவுதோ!" என்று கத்தினார். கத்திக்கொண்டே படத்தில் விழுந்துவிட்டார்.

போன மாசியில் ஒரு காலையில் மோட்டார் போடப் போன இடத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற வேலைகூட வைக்கவில்லை. எங்கே போகிறேன் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நான் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். அழுவதற்கும் நேரமில்லை, ஏற்பாடுகளைச் செய்ய ஆண்பிள்ளை என்று யாரும் இல்லை. போனிலேயே 'குளிர்பெட்டி வாடகை' என்று தேடி, தருமபுரியில் ஒருவரைப் பிடித்தேன். அதிலிருந்து ஒரு மாதத்துக்கு, நான் எதைத் திறந்தாலும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வந்து நின்றது. 'பழையதைக் கொடுங்கள், புதியதை எடுத்துச் செல்லுங்கள்' என்று ஒரு பெண் கையை விரித்துச் சிரிப்பாள். அப்பாவை வைத்திருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணையும் பார்த்தேன். என் அத்தைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்கு முன்பே, எங்கள் வீட்டில் எதையோ குளிர வைக்க வேண்டியிருக்கிறது என்று ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது.

வீடு வந்து சேர்வதற்குள் மொரப்பூர் ஃப்ளெக்ஸ் கடை சதீஷ் கூப்பிட்டான். எங்கள் பக்கம் உயிர் போனால், பாடை கட்டுவதற்கு முன்னால் ரோட்டு முனையில் 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ் கட்டியாக வேண்டும். அது இல்லாத சாவை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். இருந்த ஒரே படத்தை அனுப்பிவைத்தேன். திரும்பவும் கூப்பிட்டான்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. அப்பா திட்டற மாதிரி இருக்காருங்க."

"திட்டிக்கிட்டுதான்டா இருந்தாரு."

"கண்ணீர் அஞ்சலின்னு போட்டு மேல கைய ஓங்கிட்டு நின்னாருன்னா, மால போட வர்றவங்க திரும்பிப் போயிருவாங்கக்கா. கொஞ்சம் சிரிச்ச மாதிரி எதனாச்சும் பாருங்க."

அப்பா சிரித்த படத்துக்கு நான் எங்கே போவேன்? முகத்தைச் சிரிக்கவைக்கிற இலவசச் செயலி ஒன்றை ரயிலிலேயே இறக்கினேன். (பெயர் வேண்டாம். சொன்னால் அதுவும் ஒரு விளம்பரமாகிவிடும்.) அது முதலில் என் படங்களை எல்லாம் பார்க்கலாமா என்று கேட்டது. சரி. போனில் இருக்கிற எண்களை எடுத்துக்கொள்ளலாமா? சரி. மைக்கைக் கேட்கலாமா, நான் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா? செத்தவருக்கு ஒரு சிரிப்பு வைக்க இவனுக்கு மைக் எதற்கு என்று யாராயிருந்தாலும் யோசித்திருப்பார்கள். இந்த வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி. இருந்தும் நிபந்தனைப் பக்கம் வந்தபோது பொத்தான் பச்சையாக இருந்தது, பெரிதாக இருந்தது. நல்ல இடத்தில் வைத்திருந்தான் பாவி, என் கட்டைவிரல் தானாகப் போய் விழுந்தது.

அப்பா சிரித்தார்.

ஓங்கிய கை கீழே இறங்கிவிட்டது. வாய் நிறையப் பல், ஒன்றுகூடக் குறையாமல். நெற்றியில் இருந்த பழைய தழும்பைக் காணோம். தலையில் முடி வேறு. சதீஷ், "சூப்பர்க்கா" என்றான். ரோட்டு முனையில் கட்டியதும் வந்தவர்கள் எல்லாம், "எவ்ளோ லட்சணமா இருக்காரு" என்று சொல்லிவிட்டு அழுதார்கள். அதே படத்தைச் சட்டம் போட்டு வீட்டிலும் வைத்தோம். அம்மா மட்டும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். துக்கம் என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சில நாள் முன்பு, தருமபுரியில் சாமான் வாங்கிவிட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். போனில் சமையல் வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் விளம்பரம் வந்தது. எங்கப்பா.

முதலில் கை ஓங்கிய அப்பா. மேலே 'முன்' என்று எழுதியிருந்தது. அப்புறம் சிரிக்கிற அப்பா, மேலே 'பின்'. அதோடு விட்டார்களா? சிரித்த அப்பாவுக்கு நீலக் கோட்டு போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, கடற்கரையில் நிறுத்தி, யாரோ ஒரு பையனின் குரலில் பேசவிட்டிருந்தார்கள். "செம்மையா இருக்கே! எல்லாமே இலவசம்தாங்க, நீங்களும் வாங்க!"

நல்ல வேளை, அம்மா கூட வரவில்லை, வீட்டில் இருந்தாள்.

யோசிக்கிற நிதானம் எனக்கு எப்போதும் கிடையாது. அந்தச் செயலியை அழித்தேன். அது தொட்ட படங்களை எல்லாம் அழித்தேன். சதீஷுக்கு அனுப்பியதையும் அழித்தேன், அவனைக் கூப்பிட்டு அவனிடம் இருந்ததையும் அழிக்கவைத்தேன். விவரம் தெரியாத ஆள் அழித்திருந்தால் போனின் குப்பைக்கூடையிலாவது கிடந்திருக்கும். நான் படித்தவள் அல்லவா, குப்பைக்கூடையையும் காலி செய்தேன். பிசாசை வீட்டைவிட்டு விரட்டிய மாதிரி ஒரு நிம்மதி வந்தது. மொரப்பூர் தாண்டியதும்தான், அப்பாவின் ஒரே நிஜப் படத்தை நானே என் கையால் அழித்துவிட்டது உறைத்தது.

அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. மனிதன் எழுதிய பதிலாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் வராது.

"வணக்கம்! உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிகவும் முக்கியம். முகத்தை நீக்க, முகத்துக்கு உரியவர் கேமரா முன்பு வந்து இரண்டு முறை கண் சிமிட்டவும்."

அவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன்.

"வருந்துகிறோம். அவருக்கு வசதிப்படும்போது முயன்று பார்க்கச் சொல்லவும்."

அந்தப் பதிலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயை மூடிக்கொண்டு மாட்டுக் கொட்டாயில் போய் உட்கார்ந்து அழுதேன். போனை வெளியே வைத்துவிட்டுத்தான்.

இனிக் காரியத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். கூடத்தில் டி.வி.க்குக் கீழே இருக்கிற மேசையில் அப்பாவின் சிரித்த படத்தை வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றி, அவருக்குப் பிடித்த வடை பாயசத்தோடு படையல் போட்டிருந்தோம். கூடம் நிறையச் சனம். பென்னாகரத்தில் கட்டிக்கொடுத்த பச்சையம்மா அத்தை, அப்பாவின் கூடப் பிறந்த தங்கச்சி, படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை பையன் மூர்த்தி, ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை வைத்திருப்பவன், "சும்மா இருந்தா நல்லா இருக்காது" என்று டி.வி.யில் பக்திப் பாட்டு வீடியோவைப் போட்டுவிட்டான். (நான் பெங்களூரிலிருந்து வாங்கிவந்த ஸ்மார்ட் டி.வி. அதையும் நான்தான் வாங்கினேன் என்பதைக் கவனிக்கவும்.)

பாட்டு முடிந்தது. அத்தை மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள். அந்த நொடியில், ஒரு பெண் குரல் வீடு அதிர்கிற மாதிரிக் கேட்டது.

"உங்க அப்பா எப்பவும் சிடுசிடுன்னு இருக்காரா?"

மாலை போட்ட படத்துக்கு நேர் மேலே, ஆள் உயரத்துக்கு, அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்து நின்றார்.

சாப்பாட்டுப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன் வாளியோடு அப்படியே நின்றான். அப்பா சிரித்தார். கோட்டு போட்டார். கூலிங் கிளாஸ் மாட்டினார். கடற்கரையில் நின்று, வந்திருந்த அத்தனை சனத்தையும் பார்த்து, எல்லாமே இலவசம்தாங்க, நீங்களும் வாங்க என்றார்.

"அய்யோ எங்கண்ணே!" என்று அத்தை எழுந்துவிட்டாள். அழுகிறாளா, ஆச்சரியப்படுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "அண்ணே, இந்தக் கோட்டு எப்ப எடுத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே!"

பின்னாலிருந்து ஒருவர், "மாதையன் பம்பாய்க்கா போயிருந்தாரு?" என்றார். இன்னொருவர், "அவரு எங்க சொன்னாரு, இங்கதான்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு" என்றார். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

சின்னப்பையன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. டி.வி.யையே பார்த்துக்கொண்டு நின்றார். "பக்கத்துப் பக்கத்துக் காடு. தண்ணி எத்தன அடின்னு ஒரு வார்த்த சொன்னானா? இப்பப் பாரு, முன்ன பின்ன தெரியாதவங்களையெல்லாம் வாங்க வாங்கங்கறான்" என்றார். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தூணோடு தூணாக நின்றேன்.

மூர்த்தி பதறிப்போய் ரிமோட்டைப் பிடித்து விளம்பரத்தைத் தள்ளிவிட்டான். அடுத்த பக்திப் பாட்டு தொடங்கியது. அப்போதுதான் அம்மா சமையல் பக்கத்திலிருந்து வந்து நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

"ஏன்டா தள்ளிவுட்ட?" என்றாள் மூர்த்தியிடம். "அந்த மொதப் படத்தக் காட்டு."

"அத்த, அது வெளம்பரம். திரும்பல்லாம் வராது."

"கைய ஓங்கிட்டு நின்னாரே, அதக் காட்டுடா."

அவன் என்னைப் பார்த்தான். அம்மாவும் என்னைப் பார்த்தாள். நான் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். ரயிலில் அமுக்கியது, சிரிப்பு வைத்தது, பஸ்ஸில் அழித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா திட்டுவாள், கை நீட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அதாண்டி உங்கப்பா" என்றாள், அணைந்துபோன விளம்பரம் இருந்த இடத்தைக் காட்டி. அப்புறம் மாலை போட்ட படத்தைக் காட்டினாள். "இந்த ஆளு யாருன்னு பதினாறு நாளா யோசிச்சிட்டு இருந்தேன். சோறு வெக்கறேன், வெளக்கேத்தறேன், அழுகை வர மாட்டேங்குது. ஊருல எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்களேன்னு வாய மூடிட்டுக் கெடந்தேன்."

அவ்வளவு சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் அம்மா முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். பதினாறு நாளாக நான் அவளை அழக்கூட விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மறுபடி கம்பெனிக்கு எழுதினேன். இந்தத் தடவை நீக்கச் சொல்லவில்லை. எங்கப்பா படம் உங்களிடம்தான் இருக்கிறது, அதை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"வணக்கம்! உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிகவும் முக்கியம். பயனர்களின் படங்களை நாங்கள் சேமித்து வைப்பதில்லை."

அடப்பாவிகளா! ஊர் ஊராகக் கோட்டு போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள், படம் இல்லையாம். ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறியப் போனேன். அப்புறம், விளம்பரம் அதில் வந்தாலும் வரும் என்று பத்திரமாக வைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் செய்த கூத்து, உலகத்தில் வேறு எந்தக் குடும்பமும் செய்திருக்காது. விளம்பரம் வர வேண்டும் என்பதற்காகப் பாட்டைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஃப்ரிட்ஜ் வந்தது. மூட்டுவலித் தைலம் வந்தது. வீட்டுமனை வந்தது. காசு கட்டினால் விளம்பரமே இல்லாமல் பார்க்கலாம் என்று டி.வி. வேறு எங்களிடம் கெஞ்சியது. போன் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது என்று மூர்த்தி சொன்னதும், அத்தை தன் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "சிரிப்பு! போட்டோ! கெழவன் மூஞ்சி!" என்று கத்த ஆரம்பித்தாள். பிறகு நாங்களும் சேர்ந்துகொண்டோம். மாட்டுக் கொட்டாயில் போனை வைத்துவிட்டு வரச் சொன்ன மனிதரின் வீட்டில், ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு, கேள், கேள் என்று கத்திக்கொண்டிருந்தோம். அம்மா ஒன்றும் கத்தவில்லை. டி.வி.யைப் பார்த்தபடி இருந்தாள். ஒவ்வொரு விளம்பரம் தொடங்கும்போதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள், அப்புறம் தளர்ந்துவிடுவாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்பா எங்கள் யாருக்கும் வரவில்லை. கடைசியில் அவர் போய் மாட்டியது சின்னப்பையன் மாமாவிடம். ஒரு மத்தியானம் போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"செல்வி! உங்கப்பன் என் போன்ல வந்துட்டான்! எங்கூட்டுப் பசங்க சொல்லிக்குடுத்த மாதிரி ரெண்டு பொத்தானையும் சேத்து அமுக்கிப் புடிச்சிட்டேன்!"

ஸ்கிரீன்ஷாட் பிடித்திருந்தார். கை ஓங்கிய அப்பா முழுசாக இருந்தார். கூடவே, ஓங்கிய கையின் குறுக்கே கொட்டை எழுத்தில் 'முன்' என்று இருந்தது. அதை வெட்டினால் அப்பாவின் விரலையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

சதீஷ் கடைக்கு எடுத்துப் போனேன். பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு விஷயமாக்கா, எழுத்த மட்டும் அழிக்கிற மாதிரி எங்கிட்ட ஒரு ஆப் இருக்கு, ஃப்ரீதான்" என்றான். நான் கத்திய கத்தில் ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அப்படியே சட்டம் போடச் சொன்னேன்.

இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களை எல்லாம் அப்பா கையை ஓங்கித் திட்டிக்கொண்டிருக்கிறார், 'முன்' என்ற எழுத்தோடு. அம்மாவுக்கு அந்த எழுத்து ஒரு பொருட்டில்லை. "முன்னாடி இப்படித்தான இருந்தாரு" என்றாள். நெற்றித் தழும்பும் இருக்கிறது. அது புளியமரத்திலிருந்து விழுந்த காயம் என்று அப்பா ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். படத்தை மாட்டிய அன்று அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, அது நிஜமாக எப்படி வந்தது என்று எனக்குச் சொன்னாள். நல்ல கதை. இந்தக் கட்டுரையிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கும். எழுத மாட்டேன். அது அவர்கள் இரண்டு பேருடையது.

எங்கள் உறவில் இன்றைக்கும் யாராவது போட்டோவுக்கு ரொம்பப் பல்லைக் காட்டினால், "யோவ், எலவசமாச் சிரிக்காத" என்பார்கள். கூடத்தில் யாராவது போனைத் தூக்கினால், "மாதையன் கைய ஓங்கறாரு பாரு" என்பார்கள். தூக்கியவர் உண்மையிலேயே கையை இறக்கிவிடுவார். சின்னப்பையன் மாமா வந்தால் படத்தைப் பார்த்து, "இப்பவாச்சும் சொல்லேன்டா, எத்தன அடி?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். அம்மாவுக்கு எத்தனை அடி என்று தெரியும். அவளும் சொல்ல மாட்டாள்.

நான் பெங்களூருக்குத் திரும்பினேன். போன முதல் வாரமே மேனேஜர் கூப்பிட்டு, 'வேண்டாம்' பொத்தானை நிறையப் பேர் கண்டுபிடித்துவிடுகிறார்கள், இன்னும் கொஞ்சம் மங்கலாக்கு என்றார். இந்த இடத்தில் நான் மேசையைத் தட்டிவிட்டு வேலையை உதறினேன் என்று எழுத ஆசைதான். மங்கலாக்கினேன்.

தினம் சாயந்திரம் அம்மாவுக்கு வீடியோ கால் போடுகிறேன். அவள் கூடத்தில் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பாள், ஆனால் படம் தெரியாதபடி போனைத் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். திரையின் மூலையில் சில நேரம் அப்பாவின் ஓங்கிய விரல்கள் மட்டும் தெரியும். நேற்றும் கேட்டேன்.

"போனைக் கொஞ்சம் மேல தூக்கும்மா. அப்பாவப் பாத்துக்கறேன்."

"போன்ல வேண்டாம்" என்றாள். "நேர்ல வந்து பாரு."